டாக்டர் பிரான்ஸிஸ் டே: மீன் சாஸ்திரமும் உப்பு வரியும்

இராயபுரத்திலிருந்து வடக்கே தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையைப் பற்றிப் பேசுவோர், ரயில், துறைமுகம், ஆலை, தொழிற்சங்கம் இவற்றைப் பற்றியே பேசுவது வழக்கமாகிவிட்டது. 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் ரயில் வண்டி இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆயினும் அந்த ரயிலுக்கும் பின்னர் எழுந்த ஆலைகளுக்கும் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அக்கரையில் இரண்டு தொழில்கள் நடந்து வந்தன. கட்டுமரமேறி மீன் பிடிப்பது ஒன்று. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கங்களில் அளங்கட்டி உப்பு விளைவிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றை விட்டு ஒன்று வாழ முடியாதவை. நமது வெயிலில் மீன் ஒரு பகற்பொழுதுக்கு மேல் தாங்காது. உப்பு இருந்தால் அது கருவாடாகி உள்நாட்டுச் சந்தைகளுக்குச் செல்லும். இல்லையேல் கரையிலேயே அழுகிப் போகும். நெய்தல் நிலத்து உமணர் உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு மாற்றி வந்ததைப் பழந்தமிழ் நூல்களால் அறிகிறோம்.

இந்த இரண்டு தொழில்களுக்கும் நடுவே 1805-ஆம் ஆண்டில் கும்பினி சர்க்கார் ஒரு சுவரை எழுப்பிற்று. சென்னை ராஜதானியில் உப்பு முழுவதும் சர்க்காரின் ஏகபோகச் சரக்காக்கப்பட்டது. அளத்தில் விளைந்த உப்பு, பக்கத்துக் குடிசையில் வாழும் மீனவனுக்கு எட்டாப் பொருளாயிற்று. இக்கொடுமையை நமது தேசபக்தர்கள் மேடையேறிச் சொல்வதற்கு நெடுநாள் முன்னதாக, சர்க்காரின் சம்பளம் வாங்கிய ஓர் ஆங்கிலேய வைத்தியர், மீன்களைத் தேடி அலைந்தபோது கண்டு, சர்க்காருக்கே எழுதி வைத்தார். அவர்தாம் இந்திய மீன் சாஸ்திரத்தின் மூலவராகக் கருதப்படும் டாக்டர் பிரான்ஸிஸ் டே. அவருடைய பெயரைப் பிராணி சாஸ்திரம் படிப்போர் அறிவார்கள்; பொது வாழ்வில் ஈடுபட்ட நம்மவர் பெரும்பாலும் அறியார். அறிந்து கொள்வதற்குக் காரணம் உண்டு.

இவர் 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்று, 1852-இல் கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். சேர்ந்த ஆண்டிலேயே இரண்டாவது பர்மிய யுத்தம் வந்தது. அதிலும் அவர் இருந்தார். பிறகு பட்டாளத்தோடு பல ஊர்கள். ராணுவ வைத்தியர்களுக்கு அக்காலத்தில் ஓய்வு நேரம் மிகுதி. அதைச் சிலர் சீட்டாட்டத்திலும் சிலர் வேட்டையிலும் கழித்தார்கள். செடி கொடி, பறவை, பாம்பு என்று தேடிப் புறப்பட்டவர்கள் மிகச் சிலர். இந்தியப் பிராணி சாஸ்திரத்தின் பெரும் பகுதி அந்த மிகச் சிலரின் ஓய்வு நேரத்தில் உண்டானது என்றால் மிகையன்று.

டே அவர்களின் வாழ்வில் திருப்பம் ஏற்பட்டது கொச்சியில். பிரிட்டிஷ் கொச்சியின் ஸிவில் வைத்தியராகவும் கொச்சி மகாராஜாவின் வைத்திய அதிகாரியாகவும் அவர் பணியாற்றினார். காயலும் கடலும் ஆறும் ஒன்றுகூடும் அவ்விடத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்தபோது கொச்சி ராஜ்யத்தின் சரித்திரம், ஜாதி சமூகங்கள், நோய்கள், பிராணிகள் யாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூலெழுதி 1863-இல் சென்னையில் பதிப்பித்தார். பெருமாக்களின் நாடு என்பது அதன் பெயர். சரித்திர ஆராய்ச்சியில் அது பிழைகள் மலிந்தது. ஆனால் கண்ணால் கண்டதை எழுதும் இடங்களில் அவர் பேனா தடுமாறுவதில்லை. 1865-இல் மலையாளக் கரை மீன்கள் என்னும் நூல் வெளியாயிற்று. அதே ஆண்டில் திருவிதாங்கூர் மலையாறுகளில் வாழும் செங்கோடிட்ட அழகிய மீன் ஒன்றை அவர் முதன் முதலாக விவரித்து, சென்னைக் கவர்னராயிருந்த ஸர் வில்லியம் டெனிஸனின் பெயரை அதற்குச் சூட்டினார். கவர்னர்களின் சிலைகளும் அவர்கள் பெயரிட்ட தெருக்களும் மாறிவிட்டன. ஆனால் அம்மீன் டெனிஸனின் பெயரைச் சுமந்துகொண்டு உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. தொட்டி வியாபாரத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், தான் பிறந்த ஆறுகளில் அது இப்போது அழியும் நிலையில் இருப்பதாக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் கணித்திருக்கிறார்கள்.

சென்னைக் கடலில் பிடிபடும் மீன்களிலும் சாஸ்திரம் அறியாதன பல உண்டு என்று கண்டு, லண்டன் பிராணி சாஸ்திர சங்கத்தின் ஏட்டில் 1860-களின் பிற்பகுதியில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். புதிய இனம் என்று லண்டன் ஏட்டில் பதிவான ஒவ்வொரு மீனும், நமது பட்டினவர் குடிசைகளில் பாட்டன் காலம் முதல் பெயரிட்டு அழைக்கப்பட்டு, குழம்பாகிக் கொண்டிருந்த மீனே. எந்த மாதத்தில் எந்த மீன் கரையை அடுத்து வரும், எது எந்த நீரோட்டத்தில் மேயும், எதன் முள் விஷமுள்ளது என்பன போன்ற செய்திகளைக் கட்டுமரக்காரர்களிடமும் மீன் விற்கும் பெண்களிடமும் கேட்டறியாமல் எந்த வெள்ளைக்காரரும் இக்கரையில் மீன் நூல் எழுதியிருக்க முடியாது. அவர்களில் ஒருவர் பெயரும் நூலில் இல்லை.

ஆனால் அவர்கள் வைத்த பெயர்கள் இருக்கின்றன. டே அவர்களின் சிறப்புகளுள் இதை நாம் முதன்மையாகக் கருதுகிறோம். தமது பெருநூலில் ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயரோடு, தமிழ், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி, வங்காளி, ஒரியா, பர்மியம் முதலான பாஷைகளில் மக்கள் வழங்கும் பெயரையும், கிடைத்த வரையில், ஆங்கில எழுத்தில் குறித்து வைத்தார். உல்லம், வவ்வால், கொடுவா போன்ற நமது கரைச் சொற்கள் இவ்வாறு நூலேறின. அவருடைய காது ஆங்கிலக் காது. ஆகவே சில பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்திருக்கின்றன. உரக்கப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். நமது பண்டிதர்கள் அகராதிகளில் பல இடங்களில் ஒரு வகை மீன் என்று மட்டும் எழுதி நகர்ந்த காலத்தில், அந்த ஒரு வகை எது என்று காட்டியவர் இவர் என்பதைச் சற்றே வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவருக்கு முன்னோர் இல்லாமலில்லை. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்னும் பாதிரியார் நமது கரை மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்னும் வைத்தியருக்கு அனுப்பி வந்தார். பிளாக் 1793-இல் ஒரு மீன் குலத்துக்கே ஜான் பாதிரியாரின் பெயரை வைத்தார். அக்குலத்தில் ஒரு மீனின் லத்தீன் பெயர் கருத்தா. இது லத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று; கறுத்த கத்தாளை என்று நம் மீனவர் சொன்னதன் முதற் பாதி! விசாகப்பட்டணத்தில் ரஸ்ஸல் என்னும் வைத்தியர் 1803-இல் 200 மீன்களைத் தெலுங்குப் பெயரோடு வெளியிட்டார். நாம் கானாங்கெளுத்தி என்று வழங்கும் மீனுக்கு உலகெங்கும் இன்று வழங்கும் சாஸ்திரப் பெயரில் உள்ள கனகுர்த்தா என்னும் சொல் அந்த நூலிலிருந்து வந்த தெலுங்குச் சொல். கங்கை மீன்களை ஹாமில்டன் 1822-இல் எழுதினார். தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி ஜெர்டன் 1849-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். இவை யாவும் சிதறிக் கிடந்தன. ஒரே மீன் நான்கு பேரால் நான்கு பெயர் பெற்றிருந்தது. தேசம் முழுவதும் அலைந்து, மீன்களை நேரிற் கண்டு, இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் டே.

அப்படி அலைவதற்கு அவருக்கு வாய்ப்பளித்தது ஓர் அணைக்கட்டு விவகாரம். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை 1836-இலும், கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் அணைகள் 1850-களிலும் கட்டி முடிந்திருந்தன. பாசனம் பெருகிற்று, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடலிலிருந்து முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறிச் செல்லும் உல்லம் மீன் அணையின் அடியில் தடைப்பட்டு நின்றது. மேலே செல்ல வழியின்றித் திரளாக நின்ற மீன்களை வலை போட்டு அள்ளினார்கள். சில ஆண்டுகளில் மேலாற்றில் உல்லம் அருகிற்று. அணைகளைக் கட்டிய ஸர் ஆர்தர் காட்டனே இதைப் பற்றிக் கவலைப்பட்டுச் சர்க்காருக்கு எழுதினார் என்பது அவருக்குப் பெருமை. விசாரணைக்கு டே நியமிக்கப்பட்டார். சென்னை ராஜதானியில் தொடங்கிய விசாரணை ஒரிஸ்ஸா, வங்காளம், பர்மா, அந்தமான் என்று விரிந்தது. 1871-இல் அவர் இந்திய மீன்வளத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1877 வரையில் அப்பதவியில் இருந்தார்.

அணைகளில் மீன் ஏறும் வழிகள் வேண்டும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று. கொள்ளிடத்தில் மீன் ஏணி கட்டிப் பார்த்தார்கள். உல்லம் அதில் ஏறவில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியின் மேற்பகுதியில் உல்லத்தின் கதை முடிந்தது. நீர் வேண்டும் உழவனுக்கும் மீன் வேண்டும் செம்படவனுக்கும் இடையே நியாயம் தீர்ப்பது எளிதன்று. ஆனால் அணை கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வியை, கட்டி முடித்து முப்பது ஆண்டு சென்றபின் கேட்டார்கள் என்பதே டே அவர்களின் விசாரணையில் வெளிப்படும் உண்மை.

1873-இல் கல்கத்தாவில் அவருடைய இரண்டு அறிக்கைகள் வெளியாயின. ஒன்று நன்னீர் மீன்களைப் பற்றியது, மற்றது கடல் மீன்களைப் பற்றியது. ஜில்லா கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி, மீன் பெருகிற்றா குறைந்ததா, வலைக்கண் எவ்வளவு, மக்களில் எத்தனை பேர் மீனுண்பவர், சந்தையில் மீன் தாராளமாகக் கிடைக்கிறதா என்றெல்லாம் பதில் பெற்று அவற்றைத் தொகுத்தார். தேசத்தின் உணவைப் பற்றி இவ்வளவு விரிவாகக் கேள்வி கேட்ட அறிக்கைகள் அக்காலத்தில் அரிது.

கடல் மீன் அறிக்கைக்கு வரும்போதுதான் உப்பு குறுக்கிட்டது. கடலில் மீனுக்குக் குறைவில்லை என்று டே கண்டார். பிடித்த மீனைப் பதப்படுத்த உப்பில்லாததே குறை. சென்னை ராஜதானியில் வரியோடு சேர்ந்த உப்பின் விலை மீனவனின் வருமானத்துக்கு ஒவ்வாதது. ஆகவே அவன் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அன்றன்று விற்கும் அளவுக்கு மட்டும் பிடிப்பது. உப்பிடாமல் மணலில் பரப்பிக் காயவைத்துப் பாதி அழுகிய மீனை விற்பது. அல்லது உப்பளங்களை அடுத்துப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி அதில் மீனைப் புரட்டுவது. மூன்றாவது குற்றம். தன் காலடியில் இயற்கை பூத்துவைத்த மண்ணை அள்ளியதற்காக ஏழைகள் அபராதமும் சிறையும் பெற்றார்கள். மலையாளக் கரையிலோ திரள் திரளாக வந்த மத்தி மீன் உணவாகாமல் எண்ணெய்க்கும் தோட்ட எருவுக்கும் போயிற்று. பசித்த தேசத்தின் கரையில் உணவு எருவாயிற்று என்பதைக் காண ஒருவர் அரசியல்வாதியாக இருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். டே அவர்களுக்குக் கண் இருந்தது. கருவாட்டுக்கு வேண்டிய உப்பை வரியின்றிக் கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அவர் வற்புறுத்தியதன் பயனாக 1870-களில் சென்னை ராஜதானியில் மீன் பதப்படுத்தும் பண்டகசாலைகள் தோன்றின. கரையோரத்தில் வேலியிட்ட ஓர் இடம்; அதற்குள் மீனைக் கொண்டுவந்தால் அடக்க விலைக்கு உப்புக் கிடைக்கும்; அங்கேயே உப்பிட்டுக் காயவைத்து எடுத்துச் செல்ல வேண்டும்; ஒரு பிடி உப்பும் வேலிக்கு வெளியே போகலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஞ்சம் முதல் தென் கன்னடம் வரையில் இத்தகைய சாலைகள் நூற்றுக்கு மேல் இருந்தன. நல்லதுதான். ஆனால் வேலியையும் நாம் பார்க்க வேண்டும். சாலைக்கு அருகே குடியிருந்தவனுக்கும், மீனை மொத்தமாக வாங்கும் முதல் உள்ளவனுக்கும் அது பயன்பட்டது. நான்கு காதம் தள்ளி ஒரு சிறு கூடை மீனோடு நின்றவளுக்கு வேலிக்குள் என்ன வேலை? அநீதியை நீக்காமல், அநீதிக்குள் ஒரு சிறு கொட்டகை கட்டியது சர்க்கார்.

அவர் பதவியிலிருந்து விலகிய 1877-ஆம் ஆண்டு எப்படிப்பட்டது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாடு எரிந்துகொண்டிருந்தது. இலட்சோபலட்சம் பேர் மாண்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில், சென்னை ராஜதானியின் உப்பு வரியை 82 ராத்தல் கொண்ட மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாகச் சர்க்கார் உயர்த்திற்று. மாகாணங்களுக்கிடையே வரியைச் சமப்படுத்துவது நோக்கமென்று சொல்லப்பட்டது. டே கொடுத்த அறிக்கை நான்காண்டுகளுக்கு முன்பே அச்சாகி அலமாரியில் இருந்தது. அறிவு இல்லாமல் செய்த தவறு என்று இதற்கு மன்னிப்புத் தேட முடியாது.

இங்கே ஒரு கிளைச் செய்தி. 1871-இல் தொடங்கிய விவசாய, வர்த்தக இலாகாவின் காரியதரிசியாக 1879 வரையில் இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹ்யூம்தான். அவரும் பிராணி சாஸ்திரி; பறவைகளில் அவருக்கு இணை இல்லை. அவர் சேகரித்த பறவை மாதிரிகள் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை லண்டன் பொருட்காட்சிசாலைக்குப் போயின. அந்த இலாகாவுக்கு வருமுன் அவர் வகித்த உத்தியோகம் உள்நாட்டுச் சுங்கக் கமிஷனர். வட இந்தியாவின் குறுக்கே உப்புக் கடத்தலைத் தடுக்க முள்வேலி வளர்த்துக் காவல் காத்த இலாகா அது! மீனை எண்ணியவர் ஒருவர், பறவையை எண்ணியவர் ஒருவர். இருவர் பாதையிலும் உப்பு வந்து நின்றது. ஹ்யூம் பிறகு வெளிப்படையாக நம் பக்கம் வந்தார். டே வரவில்லை. அவர் கடைசிவரை சர்க்கார் மனிதர்.

சர்க்கார் மனிதர் என்பதற்கு அவருடைய யோசனைகளிலேயே சான்று உண்டு. நன்னீர் மீன் குறைவதற்கு அவர் கண்ட பரிகாரங்கள்: வலைக்கண்ணின் சிறுமைக்கு எல்லை வைப்பது, வயல் மடைகளில் குஞ்சு மீன்களைப் பிடிக்கும் பறிகளைத் தடுப்பது, ஆற்றில் விஷமிடுவதைத் தண்டிப்பது. விஷமிடுவதும் பிறகு வந்த வெடி வைப்பதும் தண்டிக்கத் தக்கவையே. 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டம் அவற்றைத் தடுத்தது. ஆனால் மடையில் பறி வைத்தவன் யார்? கூலி போதாத குடியானவன். அவன் வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கான பொடி மீனைக் குற்றமாக்க நினைத்த டே, அணையால் அழிந்த கோடிக்கணக்கான முட்டைகளுக்கு எந்த என்ஜினீயரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. அதே சமயத்தில், முந்திய அரசர்கள் காலத்தில் நீர்நிலைகளின் மீன் உரிமை குத்தகைக்கு விடப்பட்டுக் காவலும் கட்டுப்பாடும் இருந்தன என்பதையும், புதிய ஆட்சியில் அவ்வொழுங்கு குலைந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நீலகிரி ஓடைகளில் இங்கிலாந்தின் ட்ரவுட் மீனை வளர்க்க 1860-களில் அவர் பட்ட பாடு பலிக்கவில்லை. மலையில் ஓய்வெடுக்கும் துரைமார் தூண்டில் போட வேண்டும் என்ற ஆசையன்றி அதில் பெரிய பிரயோஜனம் எதுவும் இருந்ததாக நாம் கருதவில்லை.

சாஸ்திரத்தில் அவர் செய்த ஒரு சோதனையைச் சொல்லாமல் விடலாகாது. விரால், பனையேறிக் கெண்டை முதலிய மீன்கள் சேற்றிலும் ஈரப்புல்லிலும் நெடுநேரம் உயிரோடிருப்பது நம் நாட்டில் குழந்தைகளுக்கும் தெரியும். 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ப் என்னும் டேனிஷ் உத்தியோகஸ்தர் பனைமரத்தில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதியபோது ஐரோப்பாவில் பலர் நகைத்தார்கள். டே இம்மீன்களை நீர்த் தொட்டியில் விட்டு, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வலையை விரித்து, அவை மேலே வந்து காற்றை உட்கொள்ள முடியாதபடி தடுத்தார். நீருக்குள்ளேயே இருந்தும் அவை மூச்சுத் திணறி மாண்டன! தடையில்லாத தொட்டியில் இருந்தவை பிழைத்தன. ஆக, இவை நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ்பவையல்ல. நம்மைப் போல் வெளிக்காற்றையும் வேண்டுபவை. கோடையில் ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடந்து முதல் மழையில் வெளிவருவதற்கும் இதுவே வழி. குட்டையில் அழுக்கு நீரில் மற்ற மீன்கள் செத்து மிதக்க விரால் மட்டும் பிழைப்பதன் காரணமும் இதுதான். 1870-களில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் இவை பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன.

தாய்நாடு திரும்பி, 1875 முதல் 1878 வரையில் நான்கு பகுதிகளாக இந்திய மீன்கள் என்னும் மாபெரும் நூலை வெளியிட்டார். ஏறக்குறைய 200 படத் தகடுகள். மீனின் செதில், துடுப்பு முள் ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்பட்டது. இதற்குப் பின் இந்திய மீனைப் பற்றி எழுதிய எவரும், ஸுந்தர்லால் ஹோரா உட்பட, இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார்கள். பிழைகளும் உண்டு. அவர் புதியவை என்று பெயரிட்ட நூற்றுக்கணக்கான இனங்களில் பல, முன்பே பெயர் பெற்றவை என்று பின்னோர் கண்டார்கள்.

அவருக்கும் லண்டன் பொருட்காட்சிசாலையில் மீன் பகுதியை ஆண்ட குந்தருக்கும் தீராத வழக்கு இருந்தது. குந்தர் ஜாடியில் மிதக்கும் மீனைப் பார்த்து எழுதியவர். டே ஆற்றங்கரையில் துடிக்கும் மீனைப் பார்த்தவர். ஒருவர் பிழையை மற்றவர் அச்சில் ஏற்றினார்கள். இதன் விளைவு விசித்திரமானது. 1883-இல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளராயிருந்த டே, தமது சேகரிப்பின் பெரும் பகுதியை ஆஸ்திரேலியாவில் ஸிட்னி பொருட்காட்சிசாலைக்கு விற்றுவிட்டார். மிஞ்சியவற்றில் ஒரு பகுதி பிறகுதான் லண்டனுக்குக் கிடைத்தது. கல்கத்தாவிலும் ஐரோப்பிய நகரங்களிலும் சில உண்டு. சென்னைக் கரையில் வலையில் விழுந்த மீனை மூலப்பிரதியோடு ஒப்பிட விரும்பும் நம் மாணவன் கடல் கடந்து செல்ல வேண்டும். பெரிய மனிதர்கள் இருவரின் மனத்தாங்கலுக்கு நாம் கொடுத்த விலை இது.

1885-இல் அரசாங்கம் அவருக்கு ஸி.ஐ.இ. பட்டம் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஜீவராசிகள் என்னும் வரிசையில் மீன்களுக்கான இரண்டு தொகுதிகளை எழுதி முடித்தார். 1,418 இனங்களை அவை விவரிக்கின்றன. அவை வெளிவந்த 1889-ஆம் ஆண்டிலேயே, ஜூலை 10-ஆம் தேதி, செல்டன்ஹாம் நகரில் புற்றுநோயால் காலமானார். வயது 60. அதே 1889-இல் சென்னை சர்க்கார் புதிய உப்புச் சட்டத்தை இயற்றி, உப்பு மண்ணைச் சுரண்டுவோர் மீது பிடியை இறுக்கிற்று. வேதாரணியத்தில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பள்ளியது அதற்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு, 1930 ஏப்ரலில். மறு ஆண்டு காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால் கடற்கரைக் கிராமத்தார் தம் தேவைக்கு உப்பெடுக்கும் உரிமை பெற்றார்கள். 1947 ஏப்ரலில் வரி ஒழிந்தது.

எண்ணூர் மீனவருக்கு இந்நூலால் இப்போதும் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. 1970-இல் அனல் மின் நிலையமும் 2001-இல் புதிய துறைமுகமும் அக்கரைக்கு வந்தன. சாம்பல் கழிவு முகத்துவாரத்தில் படிந்தது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆலை எண்ணெய் கழிமுகத்திலேயே பரவிற்று. மடவையும் கிழங்கானும் இறாலும் நண்டும் குறைந்தன என்று மீனவர் முறையிடும்போது, முன்பு என்ன இருந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். ஆலைகள் வருமுன் சென்னைக் கரையில் எவ்வகை மீன்கள் பிடிபட்டன என்று, இடப்பெயரோடும் தமிழ்ப் பெயரோடும், அச்சில் உள்ள பழைய அத்தாட்சிகளில் டே எழுதியதைப் போல் விரிவானது அரிது. அவர் நூலிலிருந்து சென்னை என்று குறித்த மீன்களை மட்டும் எடுத்து, சிதைந்த தமிழ்ப் பெயர்களைக் காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் உள்ள முதியவர்களைக் கொண்டு திருத்தி, இப்போது வலையில் விழுபவை எவை, விழாதவை எவை என்று பக்கத்தில் எழுதினால், ஒரு சிறு பட்டியல் கிடைக்கும். கல்லூரியில் விலங்கியல் பயிலும் இரண்டு இளைஞர்களும் வலை பின்னத் தெரிந்த ஒரு பெரியவரும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை.